அரைப் பேர்க்காரியின் தங்கச்சி

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் சுதர்ஷினியின் பேரைக் கூப்பிட்டால் அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் "இருக்கேங்க" என்பாள். இருபத்திரண்டு வருடமாகக் காலையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று நான் இதைப் பார்த்து வருகிறேன். காதில் குறை ஒன்றும் இல்லை. இரண்டு மலை தள்ளிப் பஸ் வந்தால்கூட எங்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் கேட்கும்.

கங்காணி செல்லசாமி இதற்காக அவளைத் திட்டாத வருடம் இல்லை.

"ஏம்மா, ஒனக்கு மட்டும் வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா? ஒரு தரம் கூப்பிட்டா கௌரவக் கொறைச்சலா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு செடி கிழிக்காமல் இருக்கப் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டுவாள். மறுநாளும் அப்படித்தான்.

வேலைக்கு வருகிறவர்களின் பேர் எழுதும் செக்ரோலில் ஒரு காலத்தில் அவள் பேருக்கு மேல் அவளுடைய அக்கா ஜீவராணியின் பேர் இருந்தது. அக்காவை முதலில் கூப்பிடுவார்கள். அக்கா "இருக்கேன்" என்றதும் இவள் "இருக்கேன்" என்பாள். 2003இல் அக்கா வெளிநாடு போனாள். மூன்று மாதம் கழித்து அந்தப் பேரைச் செக்ரோலில் வெட்டினார்கள். அக்கா பதில் சொல்லும் நேரத்தை மட்டும் இவள் விட்டுக்கொண்டே வந்தாள். இது எனக்குத் தெரிய வெகு காலம் ஆனது. அவளாகச் சொல்லவில்லை. நான் பார்த்துத் தெரிந்துகொண்டது.

சுதர்ஷினி மாயக்கதை நாவல்கள் எழுதுகிறவள். மூன்று புத்தகம் அச்சாகியிருக்கிறது, மூன்றும் சென்னையில். இலங்கை மலையகத்தில், தலவாக்கலையிலிருந்து ஐந்து மைல் மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான பழைய லயத்தின் நாலாவது காம்பராவில் இருக்கிறாள். எனக்கு அடுத்த காம்பரா. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் வீட்டில் கரண்டி விழுந்தால் எனக்குத் தெரியும்.

அரைப் பேர் என்றால் என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன கிலோ கொழுந்து வந்துவிட்டால் அன்றைக்கு முழுப் பேர் விழும். தராசில் குறைந்தால் அரைப் பேர். மாதக் கடைசியில் யாருக்கு எத்தனை பேர் என்று பார்த்துச் சம்பளம் போடுவார்கள். ஜீவராணிக்கு அநேகமாக அரைப் பேர்தான். கை வேகம் இருந்தது, ஆனால் வாய் அதைவிட வேகம். செடிக்கு நடுவில் நின்று செடியின் மட்டம் பார்க்கும் மட்டக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு யாரைப் போலவாவது பேசிக் காட்டுவாள். பெரிய தொரையைப் போல நடப்பாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா காறித் துப்புவதைப் போலத் துப்புவாள். நாங்கள் சிரிப்போம், எங்கள் சாக்கு நிறையும், அவள் சாக்கு நிறையாது. அதனால் அவளுக்கு அரைப் பேர்க்காரி என்றே பட்டம். அவளுடைய அம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"அரைப் பேர்க்காரி வந்துட்டா, சோத்த அரையாப் போடவா?"

"முழுசாப் போடும்மா. வயித்துக்குச் செக்ரோல் கெடையாது."

பத்தொன்பது வயதில் அவள் குவைத்துக்குப் போனாள். வயது போதாது என்று ஹட்டனில் இருந்த ஏஜென்சிக்காரர் வேறொரு பேரில், கூடுதல் வயதில் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பேர் என்ன என்று வீட்டில் யாரும் கேட்டு வைக்கவில்லை. அவளுக்கே அதை விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டியில்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடந்தது. வந்து சேர்ந்தால் போதும் என்று இருந்தார்கள்.

கடிதங்கள் ஏஜென்சி வழியாகத்தான் போகும். சுதர்ஷினி அப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழுந்து எடுக்க வந்திருந்தாள். முதல் கடிதத்தில் அம்மாவுக்கு நெஞ்சுச் சளி, மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரியில் காட்டினோம் என்று எழுதினாள். கூடவே நானும் ஹட்டனுக்குப் போயிருந்தேன். மாடிப்படி ஏறிக் கொடுத்த கடிதத்தை அங்கே இருந்த ஆள் பிரித்து எங்கள் முன்னாலேயே வாசித்தார்.

"இது என்னம்மா, ஒப்பாரியா? இதெல்லாம் அங்க போனா புள்ள அழும். அழுதா வேல செய்யாது. வேல செய்யாட்டி திருப்பி அனுப்புவாங்க. நல்லதா ஏதாவது எழுதிக் குடுங்க."

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது சுதர்ஷினி மடியில் அந்தத் தாளை வைத்து நான்காக மடித்தாள், பிறகு எட்டாக.

அடுத்த வாரம் வேறு கடிதம் எழுதினாள். எங்கள் தோட்டத்து ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே ஒரு நாடு இருக்கிறது என்று அது தொடங்கியது. அந்த நாட்டில் கொழுந்து கிடையாது. மக்கள் விடியற்காலையில் பனி மூட்டத்தைக் கிள்ளிச் சாக்கில் நிரப்பித் தராசில் போடுகிறார்கள். பனி குறைந்தால் அரைப் பேர். அரைப் பேர் விழுந்தவர்களுக்கு நிழல் பாதிதான் விழும், அவர்கள் பேசுவதில் பாதிதான் மற்றவர்களுக்குக் கேட்கும். அந்த நாட்டின் பெரிய ராணிக்கு நெஞ்சில் பனி கட்டிக்கொண்டது. வைத்தியர் வெள்ளை மாத்திரை கொடுத்திருக்கிறார். அரைப் பேர் ராஜகுமாரி பயப்பட வேண்டாம்.

ஏஜென்சி ஆள் வாசித்துவிட்டுச் சிரித்தார். "கதையா? போவட்டும், போவட்டும்."

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. ராணிக்குச் சுடுதண்ணீரில் கொத்தமல்லி போட்டுக் கொடுங்கள் என்று இருந்தது. கண்டாக்கு ராட்சசன் இன்னும் துப்புகிறானா என்றும் கேட்டிருந்தாள். அம்மா அதை என்னை வாசிக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இப்படிப் பதினான்கு கடிதம் போய், பதினொன்று வந்தது. கூரைத் தகரம் போனது, தீபாவளி வந்தது, பக்கத்துக் காம்பரா பெண் சமைந்தது, எல்லாமே அந்தக் கீழ்நாட்டில் நடந்தது. 2006இல் ஏஜென்சி மாடிக்குப் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. கீழே துணிக்கடைக்காரர், "அவங்க போயி மூணு கெழமயாச்சு. யாரும் வாடகைக்கு வாரதா இருந்தா சொல்லுங்க" என்றார்.

சுதர்ஷினியும் அவள் அம்மாவும் கொழும்புக்குப் போய் வெளிநாட்டு வேலைக்கான அலுவலகத்தில் கேட்டார்கள். ஜீவராணி என்ற பேரைக் கணினியில் போட்டுப் பார்த்த அதிகாரி சிங்களத்தில், "ஏ நமின் கவுருத் நே" என்றாராம். அந்தப் பேரில் யாரும் இல்லை. அவர் சொன்னதில் தவறும் இல்லை. வேறு பேர் என்ன என்று அவர் கேட்டார். இவர்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகும் சுதர்ஷினி எழுதுவதை நிறுத்தவில்லை. அனுப்ப இடம் இல்லாததால் தாளில் எழுதாமல் தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பியில் எழுதினாள். சாயங்காலம் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவாள். வரிசையில் குடத்தை வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்து எழுதுவாள். அவள் முறை வந்து, குடம் நிறைந்து, வழிந்து ஓடும்.

"ஏய் சுதா, கொடம் ரொம்பிருச்சு! ஊருக்கே தண்ணி காட்டுறியா?"

"எழுத்துக்காரம்மா, ராசாவுக்குக் கல்யாணம் முடிஞ்சாச்சா? எங்களுக்கும் ஒரு பத்திரிக வைங்க."

அவள் எழுந்து குடத்தை எடுப்பாள். கோபப்பட்டதில்லை. சிரித்ததும் இல்லை. 2009இல் அம்மா இறந்தாள். காரியம் முடிந்த மறுவாரம் பீலியில் அவள் எழுதியதை எட்டிப் பார்த்தேன். பெரிய ராணி மலையேறினாள் என்று இருந்தது. கீழே, அன்றைக்கு நாடு முழுவதும் யார் பேரையும் கூப்பிடவில்லை என்று இருந்தது.

கல்யாணம் ஆனது. புருஷன் ஜீவராஜ் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அமைதியான ஆள். 2014இல் அவன் வாங்கி வந்த போனில்தான் அவள் கொப்பியில் இருந்ததைத் தட்டத் தொடங்கினாள். போனில் கதை போடுகிற இடம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு அத்தியாயம். முதலில் ஆறு பேர் வாசித்தார்கள். பிறகு நானூறு. இரண்டு வருடம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு பதிப்பகத்தார் எழுதினார். 'ஏழாம் நம்பர் மலை' என்ற பேரில் புத்தகமாகப் போடுகிறோம், போனில் இருப்பதை எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்துவிட்டாள்.

எங்கள் தோட்டத்தில் தராசுக் கொட்டகை வளைவில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காக வரும். அச்சுக்குப் போகுமுன் பதிப்பகத்தார் கூப்பிட்டபோது நாங்கள் கொழுந்து போட வரிசையில் நின்றோம். போனைச் சத்தமாக வைத்தால்தான் கேட்கும்.

"மேடம், 'அரைப் பேர்'னு வர்ற இடமெல்லாம் கொஞ்சம் குழப்பமா இருந்துச்சு. பிழை பாக்குறவர் 'பாதி மக்கள்'னு மாத்திட்டாரு. இப்ப நல்லா ஓடுது."

"அது ஆளு இல்லைங்க. பேரு."

"பேருன்னா ஆளுங்கதானே மேடம்? பத்துப் பேர், இருபது பேர்..."

"இல்லைங்க. இது செக்ரோல் பேருங்க."

"என்ன ரோல்?"

அதோடு லைன் போய்விட்டது. பின்னால் நின்றவள், "மேடம், சாக்கத் தூக்குங்க மேடம், மழை வருது" என்றாள். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். சுதர்ஷினி சாக்கைக் கொக்கியில் மாட்டினாள்.

புத்தகம் தபாலில் வந்தது. ராஜகுமாரிக்கு அன்றைக்கும் அரைப் பேர்தான் விழுந்தது என்று அவள் எழுதிய வரி, ராஜகுமாரிக்கு அன்றைக்கும் பாதி மக்கள்தான் விழுந்தார்கள் என்று அச்சாகியிருந்தது. புத்தகம் முழுவதும் இப்படி. ஒரு பத்திரிகையில் விமர்சனம் வந்தது. பாதி மக்களை இழந்த ஓர் இனத்தின் துயரத்தை இந்த நாவல் பேசாமல் பேசுகிறது என்று பாராட்டியிருந்தார்கள். அதை ஜீவராஜ் வெட்டிச் சுவரில் ஒட்டினான். அவள் தனக்கு வந்த பத்துப் பிரதிகளிலும் பேனாவால் ஒவ்வொரு இடமாக வெட்டி 'அரைப் பேர்' என்று எழுதினாள். ஒரு மாதம் பிடித்தது.

கொழுந்து எடுக்கும்போது நான் கேட்டேன். "ஒரு சொல்லுதானே சுதா? கத அதேதானே?"

அவள் கையை நிறுத்தாமல் சொன்னாள். "அந்தச் சொல்லு இல்லாட்டி அக்காவுக்கு இது யாரோட கதையோ, வடிவக்கா. பேரு மாறிப் போனவள நான் வேற என்ன சொல்லிக் கூப்பிடுறது?"

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. புத்தகம் அவளுக்குப் புத்தகமாக இல்லை. அது எங்கோ ஒரு வீட்டில் வேலை செய்கிற ஒருத்தியின் கண்ணில் பட வேண்டிய சொல். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு மீதி எல்லாவற்றையும் அச்சிட்டிருந்தார்கள்.

இரண்டாவது புத்தகம் எழுதி வைத்திருந்தாள். பதிப்பகத்தார் கேட்டார். அரைப் பேர் என்று போட்டால் தருகிறேன் என்றாள். முதலில் வந்த புத்தகத்தில் பாதி மக்கள் என்று இருக்கிறதே, வாசகர்கள் குழம்புவார்கள் என்று அவர் சொன்னார். பிறந்ததிலிருந்து அவள் யாரிடமும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. கடையில் பழைய பாண் ரொட்டியைக் கொடுத்தால்கூட வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். அன்றைக்கு அந்த வளைவில் நின்று, "அப்ப வேணாங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு மலைக்குத் திரும்பி, விட்டுவந்த செடியில் மீதி இருந்த கொழுந்தைக் கிள்ளினாள்.

ஒரு வருடத்துக்கு மேல் போனது. அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள். முதல் பக்கத்தில் விளக்கம் போடுவதாகவும், புத்தகத்தின் பேரையே 'அரைப் பேர்' என்று வைப்பதாகவும் சொன்னார்கள். 2019இல் அது வந்தது. பச்சை அட்டை, மேலே வெள்ளைப் பனி, நடுவில் பெரிய எழுத்தில் அந்தச் சொல். மலையகத்துப் பிள்ளைகள் அட்டைப் படத்தைப் போனில் ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். அநேகர் புத்தகத்தை வாசிக்கவில்லை. அந்தப் பேரைப் பார்த்துச் சிரிக்கத்தான் அனுப்பினார்கள். அவளுக்கு அது போதும்.

மூன்றாவது புத்தகம் பாதி எழுதியிருந்தாள். அதில் தங்கச்சி கீழ்நாட்டுக்கு இறங்கிப் போகிறாள். அரைப் பேர் ராஜகுமாரியைத் தேடிப் பிடித்து மேலே கூட்டி வருகிறாள். கடைசியில் பெரட்டில் இரண்டு பேரையும் முழுதாகக் கூப்பிடுகிறார்கள். முடிவு அதுதான் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

2021 கார்த்திகை மாதம், பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்கார்ந்திருந்தபோது அவள் போனில் தெரியாத நம்பரிலிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது. வளைவுக்கு நடந்து போனாள். நானும் போனேன். அவள் வரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"சுதர்ஷினி தங்கச்சிதானே? நான் ரிஸ்லா. கந்தப்பளைதான் நமக்கும் ஊரு, இப்ப குவைத்துல இருக்கேன். ஒங்க புத்தகத்த போன்ல வாங்கி வாசிச்சேன், நம்பரப் பதிப்பகத்துல கேட்டு வாங்கினேன். கீழ் வீட்டுல ஒரு அக்கா இருக்காங்க, அவங்ககிட்ட அட்டையக் காட்டினேன். சிரிச்சாங்க. அப்பறம் உள்ள என்ன இருக்குன்னு கேட்டாங்க. நான்தான் வாசிச்சுக் காட்டினேன், அவங்களுக்குத் தமிழ் எழுத்து இப்ப மெதுவாத்தான் வருதாம். பெரிய ராணி மௌத்தாகுற பக்கத்த ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னாங்க. அவங்க பேர நான் சொல்லக்கூடாதாம். இங்க கல்யாணம் முடிச்சு ரெண்டு புள்ளைங்க இருக்கு. ஒங்ககிட்ட இதச் சொல்லச் சொன்னாங்க. அவங்க சொன்ன மாதிரியே சொல்றேன். 'எனக்கு இங்க முழுப் பேரு விழுந்துருச்சு. இனி எனக்கு அரைப் பேரு போட வேணாம்.' அவ்வளவுதான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவங்க நம்பரக் கேட்டேன், ஒங்களுக்குத் தரவான்னு. வேணாம்னு சொல்லிட்டாங்க. கோவிச்சுக்காதீங்க தங்கச்சி."

அவள் அதை ஒரு தடவைதான் கேட்டாள். போனை இடுப்பில் சொருகிக்கொண்டாள். கீழே கங்காணி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"அக்காதானே?" என்றேன்.

"ஆமா."

"நல்லா இருக்காளாம்."

"ஆமா, வடிவக்கா."

இறங்கிப் போய் அவரவர் நிரையில் நின்றோம். அவள் கை எப்போதும் போலத்தான் ஓடியது. அன்றைக்கு அவளுக்கு முழுப் பேர் விழுந்தது. சாயங்காலம் பீலிக்கு வந்தாள். கொப்பி கொண்டு வரவில்லை. குடம் நிறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று தண்ணீர் வழியவில்லை. அதை என்னைத் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை.

ரிஸ்லாவுக்கு அவள் எழுதிய பதில் எனக்குத் தெரியும், தட்டும்போது பக்கத்தில் இருந்தேன். "சரி. சொன்னதற்கு நன்றி" என்று மட்டும் எழுதினாள். அதற்கு ரிஸ்லா ஒரு பூப்படம் அனுப்பினாள்.

மூன்றாவது புத்தகத்தை நான்கு மாதம் அவள் தொடவில்லை. பதிப்பகத்தார் வாரா வாரம் கேட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து மீதியை எழுதி முடித்தாள். பதினொரு பக்கம். தங்கச்சி கீழ்நாடு முழுவதும் தேடுகிறாள். ராஜகுமாரி அங்கே இல்லை. அவள் வேறொரு வாசல் வழியாக என்றைக்கோ போய்விட்டாள் என்று வாசல் காவல்காரன் சொல்கிறான். தங்கச்சி திரும்பி மேலே ஏறுகிறாள். பெரட்டுக்கு நேரம் சரியாக இருக்கிறது. அவ்வளவுதான் கதை.

புத்தகம் 2022இல் வந்தது. முடிவு சப்பென்று இருக்கிறது, மூன்று புத்தகம் காத்திருந்ததற்கு இதுதானா என்று போனில் நிறையப் பேர் எழுதினார்கள். ஒருத்தர், எழுத்தாளருக்குக் களைப்பு வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். ஜீவராஜுக்குக் கோபம் வந்தது.

"ஒனக்குக் களைப்பாம். வந்து ஒரு நாள் கொழுந்து எடுத்துப் பாக்கச் சொல்லு."

"சப்புன்னுதான் இருக்கு. அவங்க சொல்றது சரிதான்" என்றாள் சுதர்ஷினி. அவனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

நான் மூன்றையும் வாசித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்க ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதம் போனது. எனக்குக் கடைசிப் பதினொரு பக்கம்தான் சட்டென்று வாசிக்க வந்தது. ஏன் என்று தெரியவில்லை. அதில் பேச்சு அதிகம் இல்லை.

இப்போது சுதர்ஷினிக்கு முப்பத்தொன்பது வயது. நாலாவது புத்தகம் இல்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. பதினொரு கடிதமும் சீ.ஆர். கொப்பிகளும் அரிசி டின்னில் இருக்கின்றன. தோட்டத்துப் பாடசாலை நூலகத்தில் மூன்று புத்தகமும் உண்டு, முதலாவது மட்டும் அவள் பேனாவால் திருத்திக் கொடுத்தது. குவைத்திலிருந்து வேறு செய்தி வரவில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் அவள் இன்னும் முதல் தடவைக்குப் பதில் சொல்வதில்லை. அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகும் செல்லசாமி கங்காணி அலுத்துப்போய், "சுதர்ஷினி சுதர்ஷினி" என்று ஒரே மூச்சில் இரண்டு தடவை கூப்பிட்டுவிடுகிறார். அவளும் "இருக்கேங்க" என்கிறாள். மழையில்லாத நாட்களில் அவளுக்கு முழுப் பேர் விழுகிறது.